ஏசி சோர்ஸில் கரண்ட் லிமிட்: எவ்வளவு வைப்பது, ஏன் டிரிப் ஆகிறது?

#1 சுருள்கம்பி

வணக்கம். பெஞ்சில் புதிதாக ஒரு புரோகிராமபிள் ஏசி சோர்ஸ் (வேண்டிய வோல்ட்டை எண்ணாகக் கொடுத்து ஏசி எடுக்கும் பவர் சப்ளை) வந்திருக்கிறது. 2 கேவிஏ, 150 வோல்ட், 300 வோல்ட் என்று இரண்டு ரேஞ்ச். 300 ரேஞ்சில் ஆர்எம்எஸ் (அதே அளவு சூடாக்கும் டிசிக்குச் சமமான மதிப்பு) 10 ஆம்பியர் வரை, பீக் (அலையின் உச்சி) 40 ஆம்பியர் வரை கொடுக்கும்.

இத்தனை நாள் டிசி பவர் சப்ளையோடுதான் பழக்கம். அங்கே கரண்ட் குமிழைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. இதில் மெனுவைத் திறந்தால் கரண்ட் என்ற பெயரில் நான்கு இடம் இருக்கிறது: ஆர்எம்எஸ் லிமிட், பீக் லிமிட், லிமிட்டைத் தொட்டால் டிரிப்பா (அவுட்புட்டை அணைப்பது) ஃபோல்ட்பேக்கா (வோல்ட்டை இறக்கிக் கரண்டை அடக்குவது), அப்புறம் டிலே (அதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுப்பது).

சோதிப்பது 60 வாட் லேப்டாப் அடாப்டர். 230 வோல்ட்டில் ஃபுல் லோடில் 0.49 ஆம்பியர் காட்டியது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று ஆர்எம்எஸ் லிமிட்டை 0.6-இல் வைத்து ஃபோல்ட்பேக் போட்டேன். பீக் லிமிட் 35, தொட்டால் டிரிப்.

இரண்டு தலைவலி.

ஒன்று: 230-இலிருந்து 90 வரை வோல்ட்டைப் படிப்படியாக இறக்க வேண்டும். 190-க்குக் கொஞ்சம் கீழே போனதும் அடாப்டரின் எல்ஈடி மினுங்குகிறது, சோர்ஸ் திரையில் வோல்ட் ஏறி இறங்கி ஆடுகிறது. 190-க்கு மேலே கொண்டுபோனால் அடங்கிவிடுகிறது.

இரண்டு: காலையில் முதல் தடவை ஆன் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அரை மணி நேரம் ஃபுல் லோடில் ஓட்டிவிட்டு, ஆஃப் செய்து பத்து வினாடியில் திரும்ப ஆன் செய்தால் பீக் டிரிப். ஒரு தடவை கூடத் தவறுவதில்லை.

கோளாறு அடாப்டரிலா, சோர்ஸிலா, என்னிடமா?

#2 நேர்வழி

எல்லா லிமிட்டையும் மேக்ஸிமத்தில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சோர்ஸ் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதற்குத்தானே அவ்வளவு எடை!

#3 ஓம்காரன்

நேர்வழி சொல்வது பாதி சரி. சோர்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பெஞ்சில் கிடக்கும் அடாப்டரை யார் காப்பாற்றுவது?

சுருள்கம்பி, உங்கள் முதல் தலைவலிக்குக் கணக்குப் போட்டால் விடை அப்படியே வந்து விழும். 60 வாட் வெளியே போகிறது என்றால் உள்ளே சுமார் 68 வாட் வரும் (திறன் 88 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்). இந்த அளவு அடாப்டரில் பெரும்பாலும் பிஎஃப்சி (பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும் சுற்று) இருக்காது. பவர் ஃபாக்டர் (வாட்டை விஏ-ஆல், அதாவது வோல்ட் × ஆம்பியரால், வகுத்தால் வருவது) 0.6 என்று எடுத்தால் 113 விஏ. 230-ஆல் வகுத்தால் 0.49. நீங்கள் பார்த்த அதே எண்.

இப்போது அதே 113-ஐ உங்கள் லிமிட் 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள். 188 வோல்ட்.

"190-க்குக் கொஞ்சம் கீழே" என்று நீங்கள் எழுதியது இந்த இடம்தான். அடாப்டர் ஹீட்டர் மாதிரி இல்லை. ஹீட்டருக்கு வோல்ட்டைக் குறைத்தால் கரண்டும் குறையும். அடாப்டருக்கோ வெளியே 60 வாட் கொடுத்தே தீர வேண்டும், அதனால் வோல்ட் குறையக் குறையக் கரண்டைக் கூட்டி இழுக்கும். 188-க்குக் கீழே அது 0.6-ஐத் தாண்டப் பார்க்கிறது. சோர்ஸ் ஃபோல்ட்பேக்கில் இருப்பதால் கரண்டைக் குறைக்க வோல்ட்டை இறக்குகிறது. இறக்கினால் அடாப்டர் இன்னும் கூடுதலாக இழுக்கிறது, சோர்ஸ் இன்னும் இறக்குகிறது. கடைசியில் அடாப்டருக்குள் இருக்கும் அண்டர்வோல்டேஜ் பாதுகாப்பு அதை அணைத்துவிடும். லோடு போனதும் சோர்ஸ் வோல்ட்டை மீட்டுக் கொடுக்கும், அடாப்டர் எழும், மறுபடியும் முதலிலிருந்து. எல்ஈடி மினுங்குவது இந்தச் சுற்றுதான்.

டிசியில் கான்ஸ்டன்ட் கரண்ட் பழகியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், ஒரு நல்ல போர்டைக் கோளாறு என்று பிரித்துப் போட்டேன்.

லிமிட்டைக் கணக்கிட வேண்டியது நீங்கள் இறங்கப்போகும் கடைசி வோல்ட்டில். 90 வோல்ட் என்றால் 113-ஐ 90-ஆல் வகுக்க 1.26 ஆம்பியர். மேலே கால் பங்கு சேர்த்து 1.6 வையுங்கள். ஃபோல்ட்பேக்கை எடுத்துவிட்டு டிரிப் போடுங்கள்.

#4 சாலிடர்புகை

ஃபோல்ட்பேக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் ஓம்காரன் சார். ரிப்பேருக்கு வந்த போர்டுக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது அதுதான் தெய்வம். நாங்கள் சீரிஸ் பல்ப் போட்டுச் செய்வோமே, அதே வேலையை இது செய்கிறது. ஷார்ட் இருந்தால் வோல்ட் எழும்பாமல் நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

#5 ஓம்காரன்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பல்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பல்ப் பளிச்சென்று எரிந்து "இங்கே ஏதோ தப்பு" என்று கத்தும். சோர்ஸ் கத்தாது. மூலையில் சின்னதாக ஒரு எழுத்து மாறும், அவ்வளவுதான்.

என் கதை. மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆன ஒரு போர்டு. சோர்ஸ் 1.5 ஆம்பியரில், ஃபோல்ட்பேக். போர்டில் இருந்தது 2 ஆம்பியர் ஃப்யூஸ். வோல்ட் எழும்பவில்லை என்று பார்த்துக்கொண்டே வேறு போனில் பேசப் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்து வந்தால் வாசனை. 1.5 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்க, 2 ஆம்பியர் ஃப்யூஸ் எப்படிப் போகும்? அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இருந்த இன்ரஷ் தெர்மிஸ்டரும் (ஆன் செய்யும் நொடியில் பாயும் பெருங்கரண்டை, அதாவது இன்ரஷை, அடக்கும் உறுப்பு) அதன் கீழே போர்டும் கருகிவிட்டன. வீட்டு லைனில் நேராகச் செருகியிருந்தால் ஃப்யூஸ் ஒரு நொடிகூடத் தாங்கியிருக்காது, போர்டு பிழைத்திருக்கும்.

ஃபோல்ட்பேக் வைப்பதானால் ஃப்யூஸ் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு மாதிரி மிகச் சிறியதாக வையுங்கள், ஆள் முன்னால் இருங்கள். இல்லையென்றால் டிரிப். நடுவில் ஒரு இடம் இருக்கிறதே, ஃப்யூஸுக்குக் கொஞ்சம் கீழே, அதுதான் மோசமான இடம்.

#6 சாலிடர்புகை

பத்தில் ஒரு பங்கு, சரி. இதை எழுதி ஒட்டிக்கொள்கிறேன்.

#7 அலைவரிசை

இரண்டாவது தலைவலிக்கு வருகிறேன். அதுதான் சுவாரசியமானது.

சுருள்கம்பி, உங்கள் சோர்ஸில் ஆன் ஃபேஸ் என்று ஒரு அமைப்பு இருக்கும். சைன் அலையின் எந்த டிகிரியில் அவுட்புட் தொடங்க வேண்டும் என்பது. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அடாப்டரைத் திறக்க முடிந்தால் பெரிய கெபாசிட்டரின் மதிப்பும், உள்ளே வரும் வழியில் இருக்கும் தெர்மிஸ்டரின் மதிப்பும் வேண்டும்.

#8 சுருள்கம்பி

188 கணக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். லிமிட்டை 1.6-க்கு மாற்றினேன், 90 வரை மினுங்காமல் இறங்கியது.

ஆன் ஃபேஸ் 90 டிகிரி. நான் வைக்கவில்லை, முன்பு யாரோ வைத்ததாக இருக்கும். கெபாசிட்டர் 120 மைக்ரோ ஃபேரட், 400 வோல்ட். தெர்மிஸ்டர் பச்சை வட்டு, 10 ஓம் என்று போட்டிருக்கிறது.

#9 அலைவரிசை

அப்படியானால் சோர்ஸும் நல்லது, அடாப்டரும் நல்லது.

90 டிகிரி என்பது அலையின் உச்சி. 230 வோல்ட் ஆர்எம்எஸ்ஸுக்கு உச்சி 325 வோல்ட். காலியான கெபாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் மாதிரிதான். குறுக்கே நிற்பது தெர்மிஸ்டரின் 10 ஓமும், ஃபில்டர் சுருள், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), கெபாசிட்டரின் உள் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து ஒன்று ஒன்றரை ஓமும். 325-ஐ 11.5-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். உங்கள் லிமிட் 35. அதனால் காலையில் தப்பிக்கிறது.

அரை மணி நேரம் ஓடியதும் தெர்மிஸ்டர் சுட்டு அதன் எதிர்ப்பு ஓரிரு ஓமுக்கு இறங்கிவிடும். அது வேலை செய்யும் விதமே அப்படி. ஆஃப் செய்தால் ஃபுல் லோடு கெபாசிட்டரை ஒரு நொடிக்குள் காலி செய்துவிடும். ஆனால் தெர்மிஸ்டர் ஆற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்தாவது வினாடியில் கெபாசிட்டர் காலி, தெர்மிஸ்டர் சூடு. 325 வோல்ட்டுக்குக் குறுக்கே மூன்றரை ஓம்தான் மிச்சம். 90 ஆம்பியருக்கு மேல் போகப் பார்க்கும், 35-இல் உங்கள் சோர்ஸ் கதவைச் சாத்துகிறது.

ஆன் ஃபேஸை 0-க்கு மாற்றுங்கள். வோல்ட் பூஜ்யத்திலிருந்து ஏறும்போது கெபாசிட்டரும் கூடவே ஏறும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கரண்ட் சுமார் 120 மைக்ரோ ஃபேரட் × 314 × 325 வோல்ட், அதாவது 12 ஆம்பியர் சொச்சம். தெர்மிஸ்டர் சூடோ குளிரோ, இந்த எண் பெரிதாக மாறாது. பீக் லிமிட்டை 20-க்கு இறக்கினாலும் ஓடும்.

ஒன்று மட்டும். 0 டிகிரியில் ஓடுகிறது என்பதால் இன்ரஷ் சோதனை பாஸ் என்று எழுதிவிடாதீர்கள். சுவரில் செருகுகிறவர் டிகிரி பார்த்துச் செருகுவதில்லை. மோசமான நிலையைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றேதான் யாரோ 90 வைத்திருப்பார். சூடான தெர்மிஸ்டரோடு 90 டிகிரியில் உண்மையான இன்ரஷ் அளக்க 40 ஆம்பியர் பீக் சோர்ஸ் போதாது. அளந்தால் சோர்ஸின் எல்லையைத்தான் அளப்பீர்கள்.

#10 பழைய மீட்டர்

குறுக்கே ஒரு சந்தேகம். என் கிளாம்ப் மீட்டர் இதே மாதிரி அடாப்டருக்கு 0.3 சொச்சம் காட்டுகிறது, சோர்ஸ் திரை 0.5 காட்டுகிறது. எதை நம்பி லிமிட் வைப்பது?

#11 ஓம்காரன்

சோர்ஸை. உங்களுடையது சராசரியை அளந்து சைன் அலை என்று நினைத்து ஆர்எம்எஸ்ஸாக மாற்றிக் காட்டும் மீட்டராக இருக்கும். அடாப்டர் இழுப்பது சைன் அலை இல்லை. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஊசி, மற்ற நேரம் ஒன்றுமில்லை. சைன் அலையில் பீக்குக்கும் ஆர்எம்எஸ்ஸுக்கும் விகிதம் 1.41. இந்த ஊசிக்கு 3, 4 என்று போகும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும், அதிலும் இந்த விகிதம் எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

ஆர்எம்எஸ் லிமிட்டும் பீக் லிமிட்டும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஆர்எம்எஸ்ஸைக் கணக்கிடவே குறைந்தது ஒரு சுற்று, 20 மில்லி செகண்ட், வேண்டும். அதற்குள் ஊசி வந்து போய்விடும். சூட்டிலிருந்து காப்பது ஆர்எம்எஸ் லிமிட், அவுட்புட் டிரான்சிஸ்டரைக் காப்பது பீக் லிமிட்.

#12 இரும்புக்கரு

இந்த இழையைப் படித்துவிட்டு என் சோர்ஸிலும் ஆன் ஃபேஸை 0-க்கு மாற்றினேன். 500 விஏ டொராய்டு (வளையக் கரு) டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரியில் ஒன்றுமே கட்டவில்லை. முன்பு எப்போதாவது டிரிப் ஆகும். இப்போது ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் ஆகிறது! யாருடைய யோசனை இது?

#13 அலைவரிசை

என்னுடையதுதான், மன்னிக்கவும். கெபாசிட்டருக்குச் சொன்னதை டிரான்ஸ்ஃபார்மருக்குப் போடக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் எதிர்.

கருவுக்குள் இருக்கும் காந்தப் பாய்மம் வோல்ட்டைப் பின்தொடர்ந்து சேர்ந்துகொண்டே போகும் ஒன்று. பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் அரைச் சுற்று முழுவதும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, வழக்கமான உச்சியைப் போல இரண்டு மடங்குக்குப் போகும். கரு அதைத் தாங்காது, நிரம்பிவிடும். நிரம்பியபின் அது டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, வெறும் செப்புக் கம்பி. பிரைமரியின் சில ஓம் மட்டும்தான் தடுக்கும். டொராய்டில் காற்று இடைவெளி இல்லாததால் இது இன்னும் கடுமை.

உச்சியில், அதாவது 90 டிகிரியில் தொடங்கினால் கால் சுற்று மட்டும் சேர்ந்து அப்புறம் திரும்பிவிடும். வழக்கமான அளவைத் தாண்டாது. 90-க்கு மாற்றிப் பாருங்கள்.

#14 இரும்புக்கரு

மாற்றினேன். மிகவும் குறைந்துவிட்டது, ஆனால் பத்தில் ஒன்றிரண்டு தடவை இன்னும் டிரிப். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மருக்குத் திடீரென்று என்ன கோபம்?

#15 ஓம்காரன்

கருவில் மிச்சம் இருக்கும் காந்தம். போன தடவை எந்த இடத்தில் ஆஃப் ஆனதோ அதைப் பொறுத்து கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த ஆன் அதே திசையில் ஏறினால் நிரம்பும், எதிர்த் திசையில் என்றால் தப்பும். சீட்டுக் குலுக்கல்தான்.

உங்களிடம் புரோகிராமபிள் சோர்ஸ் இருக்கிறதே. ஆஃப் பட்டனை நேராக அழுத்தாமல், வோல்ட்டை ஒன்றிரண்டு வினாடியில் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காந்தச் சுழல் சுருங்கிச் சுருங்கிக் கரு சுத்தமாகிவிடும். ஆன் செய்யும்போதும் அரை வினாடி ராம்ப் (வோல்ட்டைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுவது) கொடுத்தால் டிகிரியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

#16 நேர்வழி

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ராம்ப் போட்டுவிட்டால் போதுமே. ஏன் இந்த 0, 90 சண்டை?

#17 ஓம்காரன்

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நீங்கள் சொல்வது இந்த இழையில் இரண்டாவது தடவை :)

அடாப்டருக்கு மெதுவான ராம்ப் கொடுத்தால், அது 80 வோல்ட் பக்கத்தில் எழுந்து அங்கேயே ஃபுல் லோடை இழுக்கும். 113 விஏயை 80-ஆல் வகுத்தால் 1.4 ஆம்பியர். லிமிட் 0.6-இல் ஃபோல்ட்பேக்கில் இருந்தால் அதைத் தாண்டி மேலே ஏறவே ஏறாது.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு இன்னும் மோசம். நின்றிருக்கும் மோட்டார் ஓடும் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அதன் முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தில் போவது. வோல்ட் பாதி என்றால் விசை கால்வாசிதான். ராம்ப் பாதியில் இருக்கும்போது மோட்டார் சுற்றாமல் முனகிக்கொண்டு நிற்கும், ஸ்டார்ட்டிங் வைண்டிங் சுடும். ஃபோல்ட்பேக் லிமிட் குறைவாக இருந்தாலும் அதே கதைதான்: கரண்ட் கூடுகிறது என்று சோர்ஸ் வோல்ட்டை இறக்கும், விசை போகும், மோட்டார் நிற்கும், நிற்பதால் கரண்ட் கூடும். மோட்டாருக்கு முழு வோல்ட் ஒரே தட்டில், டிரிப், தொடங்கி முடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான டிலே. அந்த ஐந்து ஆறு மடங்கைத் தர முடியாத சோர்ஸ் என்றால் அந்த மோட்டாருக்கு அது பற்றாது.

#18 தரச்சோதனை

நான் ஈஎம்சி (மின்காந்த இணக்கச் சோதனை) பக்கத்திலிருந்து வருகிறேன். சோர்ஸின் லிமிட்டே சோதனையைப் பொய்யாக்கும் ஒரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வோல்டேஜ் டிப் சோதனை, ஐஇசி 61000-4-11 என்ற சர்வதேசத் தரம். வோல்ட்டைச் சில சுற்றுகளுக்கு வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுப்போம். திரும்ப வரும் நொடியில் கெபாசிட்டர் காலி, தெர்மிஸ்டர் சூடு. சுருள்கம்பியின் இரண்டாவது தலைவலியை வேண்டுமென்றே வரவழைப்பது போல. பிரிட்ஜும் ஃப்யூஸும் அடி வாங்குவது அங்கேதான். அந்த நேரத்தில் சோர்ஸ் பீக்கை வெட்டி அலையைத் தட்டையாக்கினால் கெபாசிட்டர் மெதுவாக நிரம்பும், போர்டு நோகாமல் பாஸ் ஆகிவிடும். அதனால்தான் 230 வோல்ட் லைனுக்கான ஜெனரேட்டர் (சோதனை சோர்ஸ்) 500 ஆம்பியர் வரை இன்ரஷ் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தரத்தில் இருக்கிறது. சோதிக்கும் பொருள் அவ்வளவு இழுக்காது என்று காட்டினால் குறைவான ஜெனரேட்டரும் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

பெஞ்சில் வெள்ளோட்டம் பார்க்கச் சின்ன சோர்ஸ் போதும். அப்போதும் அவுட்புட் வோல்ட்டை ஸ்கோப்பில் பாருங்கள், முறையான டிஃபரன்ஷியல் புரோபோடு (இரண்டு முனைகளுக்கு இடையிலான வோல்ட்டை அளப்பது). அலையின் தலை சீவியிருந்தால் அந்த ரிசல்ட் செல்லாது.

#19 சுருள்கம்பி

எல்லாருக்கும் நன்றி. இன்றைய நிலவரம்:

ஆன் ஃபேஸ் 0. ஆர்எம்எஸ் 1.6, டிரிப், டிலே 300 மில்லி செகண்ட். பீக் 20, டிரிப். சூட்டோடு சூடாக முப்பது தடவை ஆன் ஆஃப் செய்தேன், ஒரு டிரிப்பும் இல்லை. ஸ்கோப்பில் முதல் ஊசி 12-க்கும் 13-க்கும் நடுவில் நிற்கிறது. அலைவரிசைக்கு ஒரு கும்பிடு.

வேண்டுமென்றே அடாப்டரின் அவுட்புட்டை ஷார்ட் செய்தும் பார்த்தேன். அடாப்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது, சோர்ஸ் அசையவில்லை. அது சரிதானே?

ஒரு புதுத் தலைவலி. இதையெல்லாம் ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினேன். 110 வோல்ட் சோதனைக்காக 150 ரேஞ்சுக்குப் போய், திரும்ப 300-க்கு வந்தால் பீக் லிமிட் 40 என்று காட்டுகிறது. நான் வைத்த 20 எங்கே போனது?

#20 ஓம்காரன்

ஷார்ட் விஷயம் சரிதான். அது அடாப்டரின் சொந்தப் பாதுகாப்பு, சோர்ஸுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

20 எங்கே போனது என்றால், ரேஞ்ச் மாறும்போது லிமிட் அந்த ரேஞ்சின் மேக்ஸிமத்துக்குத் திரும்பிவிடும் சோர்ஸ்கள் நிறைய உண்டு. ஸ்கிரிப்டில் ரேஞ்சை முதலில் போடுங்கள், அப்புறம் லிமிட்டுகள், அப்புறம் வோல்ட், கடைசியில் அவுட்புட் ஆன். ஆன் செய்வதற்கு முன் லிமிட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, நீங்கள் அனுப்பிய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும்.

#21 இரும்புக்கரு

இறக்கிவிட்டு ஆஃப் செய்யும் வைத்தியம் பலித்தது. ஐம்பது தடவை, ஒரு டிரிப் இல்லை. மின்சாரம் போய் சோர்ஸே பாதியில் அணைந்தால் மட்டும் அடுத்த ஆன் கொஞ்சம் உறுமுகிறது. அதற்கு இப்போது முதலில் 0-இலிருந்து ஒரு ராம்ப் கொடுத்துவிடுகிறேன்.